எழுதாக் கிளவியைக் காத்த மூதாட்டி

அந்தமான் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது செல்லுலார் சிறை. 1896-ஆம் ஆண்டு தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில் தேசபக்தர்கள் பட்ட துன்பங்களை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அங்கே செல்லும் யாத்திரிகர்கள் கண்ணீர் மல்கத் திரும்புகின்றனர். ஆனால் அந்தச் சிறைக்குச் செங்கல் சுமந்து வந்த கப்பல்கள் கரை தொடுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அத்தீவுகளில் வாழ்ந்துவந்த மக்களைப் பற்றி நம்மில் பலர் அறிந்ததில்லை. அவர்களுள் ஒருவர் போவா அம்மையார்.

அவர் பள்ளி சென்றவர் அல்லர். நூல் எழுதியவர் அல்லர். பதவி வகித்தவரும் அல்லர். ஆயினும் 2010-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது உலகின் பல மொழிகளில் வெளியாகும் நாளிதழ்கள் அச்செய்தியைத் தாங்கி வந்தன. ஏனெனில், அவரோடு ஒரு மொழியும் மறைந்தது. அவர் வாழ்ந்த நாளில் அவரைத் திரும்பிப் பாராத உலகம், மறைந்த பிறகு அவர் பெயரை அறிந்துகொண்டது.

பத்துக் குடியினர்

வட அந்தமான், நடு அந்தமான், தென் அந்தமான் ஆகிய பெரிய தீவுகளில் முற்காலத்தில் பத்துக் குடியினர் பரவி வாழ்ந்தனர். போ, ஜேரு, கோரா, காரி, கேடே, பேயா என்று அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்களும் தனித்தனி மொழிகளும் இருந்தன. பிற்காலத்தில் இவர்கள் அனைவரையும் சேர்த்துப் 'பெரிய அந்தமானியர்' என்று அறிஞர்கள் குறிப்பிட்டனர். ஜாரவா, ஓங்கே, சென்டினலியர் ஆகியோர் இவர்களினின்றும் வேறானவர்கள்.

1858-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆங்கிலேயர், முதல் விடுதலைப் போரில் பிடிபட்டவர்களை நாடு கடத்தும் பொருட்டு, போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவினர். (அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கப்படுகிறது.) காட்டை அழித்து நிலம் திருத்தப்படுவதைக் கண்ட அந்தமானியர் எதிர்த்து நின்றனர். 1859 மே 17 அன்று அபர்தீன் என்னுமிடத்தில் வில்லும் அம்பும் ஒருபுறம், துப்பாக்கியும் பீரங்கியும் மறுபுறமாகப் போர் நடைபெற்றது. அதன் முடிவை ஊகிப்பது எளிது. இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது.

போரைவிடப் பெரும் அழிவைச் செய்தவை நோய்கள். புறவுலகின் தொற்றுகளை அறியாத அவர்களின் உடல்கள் தட்டம்மைக்கும் மேகநோய்க்கும் ஈடுகொடுக்க இயலவில்லை. 1877-இல் பரவிய தட்டம்மை காடு காடாகக் குடிகளை வாரிச் சென்றது. ஆங்கிலேயர் வந்தபோது சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராயினர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். ஐரோப்பியர் எங்கே குடியேறினாலும் அங்குள்ள ஆதிகுடிகள் அழிந்துபோவதைச் சுவாமி விவேகானந்தர் 'கிழக்கும் மேற்கும்' என்ற நூலில் வேதனையுடன் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் கூறியது நம் நாட்டின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருந்தது.

காட்டின் மகள்

போ குடியினர் வட அந்தமானின் மேற்குக் கடற்கரைப் பகுதியிலும் அதை ஒட்டிய காட்டிலும் வாழ்ந்தவர்கள். அக்குடியில் சுமார் 1925-ஆம் ஆண்டு போவா பிறந்தார். 1931-ஆம் ஆண்டுக் கணக்கில் எண்ணப்பட்ட 90 பேரில் ஐந்தாறு வயதுச் சிறுமியாக அவரும் இருந்திருக்க வேண்டும். 1961-இன் 19 பேரிலும் நடுவயதுப் பெண்மணியாக அவர் இருந்திருக்க வேண்டும். அரசு ஏடுகளில் அவருக்குக் கிடைத்த இடம் அந்த எண்களுக்குள் ஓர் எண் என்ற அளவே.

அந்தமானியரின் பெயரிடும் வழக்கம் தனிச்சிறப்புடையது. குழந்தை தாயின் கருவில் இருக்கும்போதே அதற்குப் பெயர் சூட்டிவிடுவார்கள். பிறப்பது ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுவதில்லை. பெண் பருவமடையும்போது, அவ்வேளையில் எந்த மரம் பூத்திருக்கிறதோ அதன் பெயரும் அவளுக்குச் சேரும். அப்பருவத்தைப் 'பூப்பு' என்று கூறும் தமிழர்களுக்கு இவ்வழக்கம் அயலாகத் தோன்றாது. ஒரே பெயரைப் பலர் தாங்குவதால், பிற்காலத்தில் மூத்தவரைச் 'சீனியர்' என்றும் இளையவரை 'ஜூனியர்' என்றும் பிரித்தறிந்தனர். இவ்வாறுதான் நம் அம்மையார் உலகிற்குப் 'போவா சீனியர்' என்று அறிமுகமானார்.

காடும் கடலுமே அவர் பயின்ற பள்ளி. எந்தக் கிழங்கு உண்ணத்தக்கது, எந்த இலை புண்ணை ஆற்றும், எந்தப் பறவையின் குரல் எதை முன்னறிவிக்கும் என்பவையெல்லாம் சொற்களாகவே அவருக்குள் இறங்கின. அம்மக்களிடம் எழுத்து இல்லை. பாட்டும் கதையும் பெயர்களுமே அவர்களின் நூலகம்.

நம் பண்டைத் தமிழ்ச் சான்றோர் வேதத்தை 'எழுதாக் கிளவி' என்று அழைத்தனர். ஏட்டில் எழுதாமல் வாயால் ஓதியும் செவியால் கேட்டும் காக்கப்பட்டதால் வந்த பெயர் அது. அந்தச் சொல்லை விரித்துப் பார்த்தால் போ மொழியும் ஓர் எழுதாக் கிளவியே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வேதத்திற்குக் குருவும் சீடரும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வாய்த்தனர். போவா அம்மையாருக்கோ, கற்பித்தவர்கள் இருந்தார்கள். கற்றுக்கொள்ள ஒருவரும் பிறக்கவில்லை.

மறுமொழி இல்லாத சொற்கள்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி அத்தீவுகளை வாட்டியது. பின்னர் நாடு விடுதலை பெற்றது. எஞ்சியிருந்த சிலரைக் காக்கும் நோக்குடன் 1970-ஆம் ஆண்டு வாக்கில் இந்திய அரசு அவர்களை ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தியது. சுமார் 6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு அது. வீடுகளும் உணவுப் பொருள்களும் உதவித்தொகையும் வழங்கப்பட்டன. உயிர்கள் காக்கப்பட்டன, எண்ணிக்கையும் மெல்ல உயர்ந்தது. ஆனால் வெவ்வேறு குடிகளிலிருந்து எஞ்சியவர்கள் ஒரே இடத்தில் கூடியதால் அவர்களின் மொழிகள் ஒன்றோடொன்று கலந்தன. ஜேரு மொழியை அடிப்படையாகக் கொண்ட கலப்பு மொழி ஒன்று உருவாயிற்று. இளையோர் அதையும் விட்டு இந்திக்கு மாறினர்.

போவா அம்மையாரின் பெற்றோர் மறைந்த பிறகு, தூய போ மொழியைப் பேசுவதற்கு அவரைத் தவிர எவரும் இல்லை. அவருடைய கணவரும் அவருக்கு முன்பே காலமானார், மகப்பேறும் இல்லை. ஏறத்தாழ 30 அல்லது 40 ஆண்டுகள் அவர் அம்மொழியின் ஒரே உரிமையாளராக வாழ்ந்தார். மற்றவர்களோடு பேசுவதற்காக அவர் அந்தமான் இந்தியைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்குத் தெரிந்த பாட்டும் கதையும் உடன் வாழ்ந்தவர்களுக்கே முழுமையாக விளங்கவில்லை.

இந்நிலையைச் சற்றுச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல் பேசுபவனின் நாவில் மட்டும் வாழ்வதில்லை. கேட்பவனின் செவியிலும் வாழ்கிறது. செவி மறைந்தால் சொல் பாதி மறைந்தது போலத்தான். அம்மா என்று அழைப்பதற்கும் அதற்கு மறுமொழி வருவதற்கும் இடையே உள்ள வெளியில்தான் மொழி உயிர்த்திருக்கிறது. அந்த மறுமொழி நின்றுபோன பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொற்களை மறவாமல் நெஞ்சில் வைத்திருப்பது எளிய செயலா? பாராட்டுவோர் இல்லை, பயன் இன்னதென்று கூறுவோர் இல்லை, தொடர்வாரும் இல்லை. தமக்குக் கொடுக்கப்பட்டதை வீணாக்காமல் காப்பது என்ற ஒன்றே எஞ்சியிருந்தது. பலனை எதிர்பாராத செயல் என்று நாம் நூல்களில் படிப்பதை அந்த மூதாட்டி, அப்பெயரை அறியாமலேயே வாழ்ந்து காட்டினார்.

அவர் தனிமையில் வருந்தினார் என்பதை மறைப்பதற்கில்லை. வெளியுலகத்தாரின் வருகையால் தம் மக்கள் எல்லாவற்றையும் இழந்தனர் என்ற துயரம் அவருக்கு இருந்தது. குடியேறியவர்களிடமிருந்து விலகிக் காட்டிலேயே வாழ்ந்த ஜாரவா மக்கள் பேறு பெற்றவர்கள் என்று அவர் கருதினார். ஆனால் அந்தத் துயரம் அவரைக் கசப்பில் ஆழ்த்தவில்லை. அவருடைய நகைச்சுவை உணர்வும், அருகிலிருப்போரையும் தொற்றிக்கொள்ளும் உரத்த சிரிப்பும் அவரை அறிந்த அனைவரும் நினைவுகூர்பவை.

முன்னோர் சொல்

2004 டிசம்பர் 26 அன்று நிலம் நடுங்கிற்று. கடல் பொங்கி எழுந்தது. தமிழகக் கடற்கரையிலும் நிக்கோபார் தீவுகளிலும் ஆழிப்பேரலை செய்த கொடுமையை நாம் மறக்க இயலாது. ஸ்ட்ரெயிட் தீவில் இருந்த போவா அம்மையாரும் அவருடைய மக்களும் உயிர் தப்பினர். நிலம் பிளக்கும் நேரத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்னோர் சொல்லிவைத்திருந்ததையும், அங்கிருந்த மூத்தவர் அஞ்சி ஓடாமல் இருக்கும்படி கூறியதையும் அவர் பின்னாளில் விவரித்தார். எழுதிவைக்கப்படாத அறிவு, வேளை வந்தபோது உயிர் காத்தது. அத்தகைய அறிவு மொழியோடு பிணைந்தது. மொழி போனால் அதுவும் போகும்.

கேட்கும் செவி வந்தது

ஆழிப்பேரலைக்குப் பிறகு அம்மக்கள் போர்ட் பிளேரில் சில காலம் தங்கவைக்கப்பட்டனர். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியை அன்விதா அப்பி, பெரிய அந்தமானிய மொழிகளைப் பதிவுசெய்யும் பணியை 2005-ஆம் ஆண்டு தொடங்கினார். போவா அம்மையாரின் வாழ்வில் அது ஒரு திருப்பம். எண்பது வயதை எட்டிய பிறகு, அவர் பேசுவதைக் கேட்பதற்கென்றே ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார்.

அம்மையார் பாடினார், கதை கூறினார், பொருள்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தம் மக்களுக்கு இவ்வளவு தீங்கிழைத்த வெளியுலகிலிருந்து வந்தவர் என்று அவர் கதவை அடைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், கேட்டவருக்கு மனமுவந்து கொடுத்தார். முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட மௌனத்திற்குப் பிறகும் அச்சொற்கள் அவரிடம் பத்திரமாக இருந்தன.

இவரும், நாவோ ஜூனியர் முதலிய வேறு சிலரும் அளித்த செல்வத்திலிருந்து 2012-இல் ஓர் அகராதியும் 2013-இல் ஓர் இலக்கண நூலும் வெளிவந்தன. பத்துக் கதைகளும் 46 பாடல்களும் அடங்கிய தொகுப்பு 2021-இல் வெளியாயிற்று. பேராசிரியை அப்பிக்கு 2013-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்நூல்களுக்குப் பின்னால், எழுத்தறியாத சில முதியவர்களின் நினைவாற்றல் இருக்கிறது.

உடலை அளவுகோலாகக் கொண்ட இலக்கணம்

அந்த ஆய்வில் வெளிப்பட்ட உண்மை ஒன்று தத்துவ நாட்டம் உடையோருக்கு மிகவும் சுவையானது. பெரிய அந்தமானிய மொழிகளின் இலக்கணம் முழுவதும் மனித உடலை அடிப்படையாகக் கொண்டு அமைந்திருக்கிறது. உடல் ஏழு பகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. வாய், கைகால்கள், உடலின் உட்பகுதி என்று ஒவ்வொரு பகுதிக்கும் உரிய ஓர் ஒலி சொற்களின் முன்னே ஒட்டி நிற்கிறது. உறுப்புப் பெயர்கள் மட்டுமின்றி, செயலும் பண்பும் இடமும் காலமும்கூட இவ்வாறே குறிக்கப்படுகின்றன.

நம் தமிழ் இலக்கணம் முதல், சினை என்று பகுக்கிறது. மரம் முதல், கிளை சினை. நியாய, வைசேஷிக தரிசனங்கள் அவயவம், அவயவி என்று இவ்வுறவை ஆராய்கின்றன. சினையை முதலிலிருந்து பிரித்துத் தனியாகப் பேச நம் மொழியில் தடை இல்லை. 'தலை' என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். போவா அம்மையாரின் மக்களுடைய மொழியில் அப்படி நிறுத்த இயலாது. யாருடைய தலை என்பதும் சேர்ந்தே வர வேண்டும். உறவின்றி ஓர் உறுப்பும் இல்லை என்பதை நாம் தத்துவமாக நிறுவ முயல்கிறோம். அவர்களோ அதை அன்றாடப் பேச்சிலேயே வைத்திருந்தனர். கல்வியறிவற்றவர் என்று உலகம் ஒதுக்கியவர்களின் நாவில் இத்தனை நுட்பம் குடியிருந்தது.

பறவைகளோடு பேச்சு

அம்மையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் பறவைகளோடு பேசுவார். காண்போர் அதை முதுமையின் தடுமாற்றம் என்று எண்ணக்கூடும். அம்மக்களின் தொல்கதை ஒன்றில் அவர்களின் முன்னோர் பறவைகளாக மாறினர் என்று கூறப்படுகிறது. ஆகவே அவருக்குப் பறவைகள் உறவினர். அவர் பேசியது முன்னோரோடு. போ மொழியில் பேசினால் புரிந்துகொள்ள மனிதர் ஒருவரும் இல்லாத நிலையில், அவை தம் பேச்சைப் புரிந்துகொள்கின்றன என்று அவர் நம்பினார்.

முன்னோர் காக்கை வடிவில் வருவதாக நம்பி, உண்பதற்குமுன் ஒரு பிடி சோற்றை வெளியே வைக்கும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அந்த இல்லத்து அம்மாக்கள் காக்கையை அழைக்கும் குரலையும் இம்மூதாட்டியின் குரலையும் ஒன்றாகக் கேட்கக்கூடியவருக்கு அந்தமான் தொலைவில் இல்லை.

மறைவு

2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாவோ ஜூனியர் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் கோரா மொழியின் கடைசிப் பேச்சாளரான போரோ சீனியர் மறைந்தார். 2010 ஜனவரி 26 அன்று, நாடு முழுவதும் குடியரசு நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, போவா அம்மையார் போர்ட் பிளேரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 85. பெரிய அந்தமானியர் ஏறத்தாழ 52 பேர் அன்று வாழ்ந்திருந்தனர்; போ மொழியைப் பேச அவர்களுள் ஒருவரும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரல் 4 அன்று காரி மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ என்ற பெண்மணியும் மறைந்தார்.

போவா அம்மையாரின் மறைவைச் சில நாளிதழ்கள் அறுபத்தைந்தாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த மொழியின் மரணம் என்று எழுதின. எந்த மொழியும் அத்தனை காலம் மாறாமல் இருப்பதில்லை என்பதால் அக்கூற்றை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. அம்மக்களின் வழித்தோன்றல் மிகத் தொன்மையானது என்பதே அதன் உட்பொருள். ஆயினும் பழமையால் மட்டுமே ஒரு மொழி பெருமை பெறுவதில்லை. ஒரு தாய் தன் குழந்தையைத் தாலாட்டிய மொழி என்பதே அதற்குப் போதுமான பெருமை.

நமக்குள்ள கடமை

வரலாறு பெரும்பாலும் வென்றவர்களையும் எழுதியவர்களையும் நினைவில் வைக்கிறது. காத்தவர்களை அது எளிதில் மறந்துவிடுகிறது. காத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாலாட்டும் ஒப்பாரியும், பச்சிலைகளின் பெயர்களும், விரத முறைகளும், விதை காக்கும் வழியும் இந்நாட்டில் யார் வாயிலாக வந்தன? ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய பெயர் எந்த நூலிலும் இல்லை.

போவா அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி இரண்டு. முதலாவது, அந்தமானின் எஞ்சிய குடிகளை வேடிக்கைப் பொருளாகக் காணாதிருப்பது. அவர்கள் பின்தங்கியவர்கள், நாம் கைதூக்கிவிட வேண்டியவர்கள் என்ற எண்ணத்தோடு அணுகிய நல்லெண்ணமும் சிலவேளைகளில் தீங்காய் முடிந்திருக்கிறது. விலகி நிற்க விரும்புவோரை அவர்களின் விருப்பப்படி வாழவிடுவதும் சேவைதான்.

இரண்டாவது, நம் அருகில் இருப்போருக்குச் செவி கொடுப்பது. சேவை என்றதும் கொடுக்கும் கைகளே நினைவுக்கு வருகின்றன. அம்மையாருக்கு அரசு வீடு கொடுத்தது, அரிசி கொடுத்தது, அவை தேவையானவையே. ஆயினும் அவர் நீண்ட காலம் காத்திருந்தது ஒரு செவிக்காக. நம் வீட்டு முதியவர்கள் பலரும் அதற்காகவே காத்திருக்கின்றனர். சிரவணம் என்பதை ஆன்ம சாதனையின் முதற்படியாக உபநிடதம் வைத்திருக்கிறது. குருவின் முன் அமர்ந்து சாஸ்திரம் கேட்பதற்கு வேண்டிய அதே பணிவும் பொறுமையும் ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பதற்கும் வேண்டும்.

பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு மனத்தில் இருத்துங்கள். கொல்லையில் உள்ள செடிக்கு அவர் வழங்கும் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சொல்லுக்கு மறுமொழி கூற வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.